கீழாநெல்லி அரைப்பதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

மழை விட்டுப் பத்திருபது நாள் ஆனால் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கீழாநெல்லி தழைத்துவிடும். மஞ்சள் காமாலையும் பெரும்பாலும் அதே நேரத்தில்தான் தெருவுக்குள் வரும், ஏனென்றால் மழைத் தண்ணீரோடு சாக்கடையும் சேர்ந்து எங்காவது உடைந்த குடிநீர்க் குழாய்க்குள் போய்விடுகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கீழாநெல்லி பற்றித்தான். அதனால் மற்ற மூலிகைக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை முழுக்க இதற்கே பதில் எழுதுகிறேன். சித்த மருத்துவம் படித்து, தினமும் மூலிகையைக் கையாளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சில பதில்கள் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது, மாட்டுத்தாவணி பக்கம் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். ஒரு வாரமாகக் காய்ச்சல், குமட்டல், இப்போது கண் மஞ்சள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் 6 இருக்கிறது, இது ஹெபடைடிஸ் ஏ, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிப் பெரிதாக மருந்து எதுவும் தராமல் அனுப்பிவிட்டார். எங்கள் அப்பத்தாவோ, "காமாலைக்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் மருந்து கிடையாது, பக்கத்து ஊரில் மூன்று நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள், கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சண்டை பிடிக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, மேலூர்

பதில்: அம்மா, முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தீர்களே, பாதி வேலை அப்போதே முடிந்துவிட்டது. ஹெபடைடிஸ் ஏ என்று தெரிந்தபிறகு டாக்டர் மருந்து தராமல் அனுப்பியதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். ஈரலைத் தாக்கும் அந்த வைரஸைக் கொல்லத் தனியாக மருந்து இல்லை, தேவையும் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு உடம்பே அதை விரட்டிவிடும். கண் மஞ்சள் சில வாரத்தில் இறங்கும், அசதி முழுக்கப் போக ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். ஈரல் களைத்துக் கிடக்கிற நேரத்தில் வேண்டாத மாத்திரையைக் கொடுக்காமல் இருப்பதும் வைத்தியம்தான்.

அப்பத்தா சொல்வதும் கண்ணால் பார்த்ததைத்தான். அவர்கள் காலத்தில் கீழாநெல்லி சாப்பிட்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் நிஜமாகவே எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்த ஒன்பது பேரில் பெரும்பாலோருக்கு வந்தது தண்ணீரால் வரும் காமாலை, அது தானே வடிகிற காமாலை. மூன்று நாள் கீழாநெல்லி குடித்தவருக்கும் இறங்கியிருக்கும், வேப்பிலை அடித்தவருக்கும் இறங்கியிருக்கும், ஒன்றும் செய்யாமல் கஞ்சி குடித்துப் படுத்திருந்தவருக்கும் இறங்கியிருக்கும். பேர் மட்டும் யார் கடைசியாகக் கைவைத்தாரோ அவருக்குப் போய்விடும். பத்தாவது ஆள் என்ன ஆனார் என்பதை ஊர் பேசுவதில்லை, "விதி முடிஞ்சது" என்று விட்டுவிடும். எனக்குக் கவலை அந்தப் பத்தாவது ஆளைப் பற்றித்தான்.

ஏனென்றால் கண் மஞ்சளாவது ஒரே நோயால் இல்லை. ஹெபடைடிஸ் ஏ, ஈ தண்ணீரால் வருகிறது. பி, சி ரத்தத்தால் வருகிறது. பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும், அப்போது மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்தில் போகும், உடம்பெல்லாம் அரிக்கும். நாற்று நடவுக்குச் சேற்றில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வந்தாலும் கண் மஞ்சளாகும், அதற்கு உடனே ஆன்டிபயாடிக் வேண்டும், ரெண்டு நாள் தள்ளிப் போனால் கிட்னி பாதிக்கும். மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசன வயலில் வேலை செய்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். குடியால் வருவது, மாத்திரையால் வருவது, ரத்த அணுக்கள் உடைந்து வருவது, கணையத்தில் கட்டி வந்து அடைத்து வருவது என்று இன்னும் பல உண்டு. அப்புறம், பிறவியிலேயே பிலிருபின் ரெண்டு மூன்று என்று லேசாகக் கூடியே இருக்கும் சிலர் உண்டு, கில்பர்ட் என்று பெயர், பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கண் லேசாக மஞ்சளாகும், எதுவும் செய்யாமலே போய்விடும். இத்தனைக்கும் ஒரே உருண்டையைக் கொடுத்து "மூன்று நாள், காலையில் வெறும் வயிற்றில்" என்றால் எப்படி?

உங்கள் தம்பிக்குக் காரணம் தெரிந்துவிட்டதால், கீழாநெல்லி கொடுத்தே ஆகவேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். வீட்டிலேயே, சரியான செடியைப் பறித்து, கொதித்து ஆறிய தண்ணீரில் மண் போகக் கழுவி, சுத்தமான அம்மியில் அல்லது மிக்ஸியில் அரைத்து, சாறு 10 முதல் 20 மில்லி, அவ்வளவுதான். ஒரு டம்ளர் குடித்தால் சீக்கிரம் குணமாகும் என்று கிடையாது, வயிற்றுப்போக்குதான் ஆகும். மோரில் கலப்பதென்றால் அந்த மோரில் ஊற்றுகிற தண்ணீரும் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். வெளியில் கொடுக்கும் இடத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்: அங்கே காமாலைக்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள், ஒரே அம்மி, ஒரே வாளித் தண்ணீர், ஒரே டம்ளர், அரைத்த உருண்டையில் கீழாநெல்லியோடு வேறு என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டால் "அது பரம்பரை ரகசியம்" என்பார்கள். எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் ஈரல் நோயாளி எதையும் விழுங்கக்கூடாது.

கண்ணில் சொட்டு விடுவது, மூக்கில் பீர்க்குச் சாறு விட்டு மஞ்சள் நீர் வடியவைப்பது, கையில் சூடு வைப்பது, இந்த மூன்றும் கூடவே கூடாது. மூக்கில் காரமான சாறு பட்டால் உள்தோல் புண்பட்டு நீர் கொட்டும், அது பார்க்க மஞ்சளாக இருக்கும், அதைக் காமாலை இறங்குகிறது என்று நம்பிவிடுகிறார்கள். பிலிருபின் ரத்தத்தில் இருக்கிறது, மூக்கில் இல்லை. கண்ணில் பச்சிலைச் சாறு விட்டால் கருவிழியில் புண் வரும், அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற மதுரையில் இருந்துகொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னும் ஒன்று. தம்பி பேச்சு குழறினாலோ, பகலில் தூங்கி வழிந்து ராத்திரி முழித்துக்கொண்டு ஏதேதோ பேசினாலோ, ஈறில் மூக்கில் ரத்தம் வந்தாலோ, குடித்த தண்ணீர் கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஈரல் செயலிழக்கும்போது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

கேள்வி: எங்கள் வாழைத் தோட்டத்தில் கீழாநெல்லி மாதிரியே மூன்று நான்கு செடி முளைத்திருக்கிறது. எது அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், சோழவந்தான்

பதில்: நல்ல கேள்வி, பறிக்கிறவர்களில் பலபேர் இதைக் கேட்பதே இல்லை. அசல் கீழாநெல்லி முழங்கால் உயரத்துக்கு மேல் போவது அரிது. நடுத்தண்டு பச்சையாக நிமிர்ந்து நிற்கும், அதிலிருந்து பக்கவாட்டில் மெல்லிய ஈர்க்குகள் பிரியும், ஈர்க்கின் ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன நீள்வட்ட இலைகள், தூரத்தில் பார்த்தால் புளிய இலை என்று நினைப்பீர்கள். ஓர் ஈர்க்கை ஒடித்துத் திருப்பிப் பிடியுங்கள். ஒவ்வொரு இலைக்கும் அடியில், மெல்லிய காம்பில், கடுகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைக் காய் ஒன்று தொங்கும், மேற்புறம் லேசாகத் தட்டையாக, வழுவழுப்பாக. நகத்தால் நசுக்கினால் உள்ளே ஆறு விதைகள். இலையை மென்றால் நல்ல கசப்பு. பொழுது சாய்ந்தபிறகு போய்ப் பார்த்தால் இலைகள் மடங்கியிருக்கும். தாவரவியலில் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று பெயர். பழைய புத்தகங்களில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று போட்டிருப்பார்கள், அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, ஒன்றுக்கொன்று மாறிவிட்டது.

தண்டும் ஈர்க்கும் சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டினாற்போல இருந்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் அது வேறு இனம், சிவப்புக் கீழாநெல்லி என்பார்கள். இலை அடியில் குறுகி நுனியில் அகன்று ஆப்பு மாதிரி இருந்தால் மேலாநெல்லி. இவை விஷச்செடிகள் என்று சொல்லவில்லை, ஆனால் மருந்தாக எதைப் பற்றி எழுதியிருக்கிறதோ அது வேறு, கையில் இருப்பது வேறு. கடைச் சரக்கிலும் இந்தக் கலப்பு உண்டு. தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை வாங்கி ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வந்தது, அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மாதிரிகளில் வேறு ஃபில்லாந்தஸ் இனங்கள் இருந்தன. வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை, பறிக்கிறவர் கட்டோடு சேர்த்துப் பறித்துவிடுகிறார்.

செடி அசலாக இருந்தாலும் எந்த இடத்துச் செடி என்று பாருங்கள். வாழைக்கும் கொடிக்காலுக்கும் களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ அடித்திருந்தால் அந்தத் தோட்டத்துக் கீழாநெல்லி வேண்டவே வேண்டாம், பார்க்கப் பசுமையாக இருக்கும், கழுவினாலும் முழுக்கப் போகாது. சாக்கடை ஓரம், ரயில் பாதை ஓரம், ஊருக்குள் வைகைக் கரை, இதெல்லாமும் கூடாது. ஒரு தொட்டியில் நாலு விதை தூவினால் போதும், தானே காய்த்து வெடித்து அடுத்த செடி முளைத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: என் கணவருக்கு ஹெர்னியா ஆபரேஷனுக்காக ரத்தம் பார்த்தபோது ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை. "வெளியே சொல்லாதீங்க, கீழாநெல்லி ஒரு மண்டலம் சாப்பிட்டால் வைரஸே போய்விடும், இதை வெளிநாட்டில் நிரூபித்திருக்கிறார்கள்" என்று என் சித்தப்பா சொல்கிறார். உண்மையா?
- பெயர் வேண்டாம், செல்லூர்

பதில்: உங்கள் சித்தப்பா காற்றுவாக்கில் கேட்டதைச் சொல்லவில்லை, அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் அரைக் கதைதான் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி பரூக் ப்ளூம்பெர்க், 1976-இல் நோபல் பரிசு வாங்கியவர், இன்றைக்கு ஜூலை 28-ஐ உலகக் கல்லீரல் அழற்சி தினமாகக் கடைப்பிடிப்பது அவர் பிறந்தநாளை வைத்துத்தான். அவரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் மற்றவர்களும் சேர்ந்து 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்ததில், சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். நம் வரப்புச் செடிக்கு இவ்வளவு பெரிய இதழில் இடம் கிடைத்தது என்று அன்றைக்குச் சித்த மருத்துவ உலகமே கொண்டாடியது. எனக்கும் அந்த ஆய்வின்மேல் இன்றும் மரியாதை உண்டு.

சித்தப்பா சொல்லாத பாதி இனிமேல்தான். நல்ல ஆய்வு என்றால் வேறு ஊரில் வேறு ஆட்கள் செய்தாலும் அதே விடை வரவேண்டும். தாய்லாந்தில் செய்தார்கள், வரவில்லை. நியூசிலாந்தில் செய்தார்கள், வரவில்லை. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், வைரஸின் வகை என்று பல காரணங்களை யோசித்துப் பார்த்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2011-இல் எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு இது வெற்று மருந்தைவிட மேல் என்று சொல்ல நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டது. ஆகவே ஒரு மண்டலத்தில் வைரஸ் போய்விடும் என்று சொல்வதை நம்பி உட்காராதீர்கள். ஹெபடைடிஸ் பி பல வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஈரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடியது, தொந்தரவு இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

செய்யவேண்டியது இது. கணவருக்கு வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற பரிசோதனை, ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது, சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தால் போதும். தேவைப்படுகிறவர்களுக்கு டெனோஃபோவிர் மாதிரி மாத்திரை, வைரஸை அடக்கி வைக்கும், டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக்கூடாது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், பெரியாஸ்பத்திரியில் கேளுங்கள். நீங்களும் பிள்ளைகளும் உடனே ரத்தம் பார்த்துவிட்டு, இல்லை என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், மூன்று ஊசி. அதுவரை ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் தனித்தனியாக இருக்கட்டும், தாம்பத்தியத்தில் ஆணுறை போடட்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், ஒரே டம்ளரில் குடிப்பதால் இது ஒட்டாது. அதனால் அவரைத் தனியாக உட்காரவைத்துச் சோறு போடாதீர்கள், அந்த வேதனை நோயைவிடப் பெரியது.

வெளியே சொல்லவேண்டாம் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் சித்தப்பாவோடு சேர்கிறேன், ஊருக்கு அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் பல் டாக்டர், ஆபரேஷன் செய்கிற டாக்டர், நரம்பில் ஊசி போடுகிறவர், இவர்களிடம் மறைக்கக்கூடாது.

கேள்வி: என் மருமகளுக்கு ஏழாவது மாதம். ரெண்டு நாளாகக் கண் மஞ்சளாகத் தெரிகிறது. மாசமாக இருக்கும்போது மாத்திரை வேண்டாமே என்று கீழாநெல்லி கொடுக்கலாமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்கு ஏற்கனவே தபாலில் பதில் போட்டுவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் அது அவசர நிலை. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஹெபடைடிஸ் ஈ சாதாரண ஆளுக்கு வந்தால் பெரும்பாலும் தானே போய்விடும், ஆனால் கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால் நூற்றில் இருபது இருபத்தைந்து பேர்வரை இறக்க நேரிடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கர்ப்பத்தாலேயே வரும் ஈரல் கோளாறுகளும் உண்டு, சிலவற்றுக்குக் குழந்தையை உடனே வெளியே எடுத்தால்தான் தாய் பிழைப்பாள். கீழாநெல்லி கர்ப்பத்தில் பாதுகாப்பானது என்று காட்டிய ஆய்வு கிடையாது. அரைத்துக்கொண்டிருக்க நேரமும் கிடையாது.

கேள்வி: பேரன் பிறந்து அஞ்சு நாள். முகமும் நெஞ்சும் மஞ்சளாக இருக்கிறது. தாய்க்குக் கீழாநெல்லி கொடுத்தால் பால் வழியாகக் குழந்தைக்குப் போகும் என்கிறார்கள், சிலர் குழந்தை நாக்கிலேயே தடவச் சொல்கிறார்கள்.
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: குழந்தை நாக்கில் தாய்ப்பாலைத் தவிர எதையும் வைக்காதீர்கள், ஐயா. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் ரெண்டாம் மூன்றாம் நாளில் லேசாக மஞ்சளாகும், நன்றாகப் பால் குடித்து, நிறைய ஒன்றுக்குப் போனால் ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். ஆனால் எது தானே வடியும், எது ஆபத்து என்பதை வீட்டில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, நம் குழந்தைகளின் நிறத்தில் இன்னும் கஷ்டம். முகத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்க இறங்க அளவு கூடுகிறது என்று பொருள், நெஞ்சுவரை வந்துவிட்டதால் இன்றைக்கே காட்டுங்கள். உள்ளங்கால்வரை மஞ்சள் வந்துவிட்டாலோ, பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சளானாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, அளவு மீறினால் மூளையைத் தாக்கும், காதும் போகும். ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் படுக்கவைப்பார்கள், பெரும்பாலும் அதிலேயே இறங்கிவிடும். காலை வெயிலில் காட்டுவது அந்த விளக்குக்கு மாற்று ஆகாது.

கேள்வி: எனக்குச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை ஓடுகிறது. சர்க்கரைக்கும் நல்லது, கிட்னிக் கல்லுக்கும் நல்லது என்று கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லிப் பொடி வாங்கி வந்தேன். தினமும் சாப்பிடலாமா?
- வாசகர், வில்லாபுரம்

பதில்: தினமும், வருஷக்கணக்கில் என்றால் வேண்டாம். கீழாநெல்லிக்குச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும் குணமும், சிறுநீரைக் கூட்டும் குணமும் உண்டு என்று சொல்லப்படுகிறது. அது மாத்திரைக்குப் பதிலாக நிற்கும் அளவுக்கு இல்லை, ஆனால் மாத்திரையோடு சேரும்போது சிலருக்குச் சர்க்கரையோ அழுத்தமோ தாழ்ந்து தலைசுற்றல், வியர்வை, கைநடுக்கம் வரலாம். இன்னொரு விஷயமும் இருக்கிறது, எலிகளில் செய்த சோதனையில் இந்தச் செடியின் சாரம் மற்ற மருந்துகளை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியை மந்தமாக்கியது. அப்படியானால் நீங்கள் விழுங்கும் மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கக்கூடும். மனிதருக்கு எந்த அளவுக்கு அப்படி ஆகும் என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்றாலும், இதய மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, கிட்னி மாற்றியவர்கள் சாப்பிடும் மாத்திரை, இவை ஓடுகிறவர்கள் தானாகத் தொடவேண்டாம்.

கிட்னிக் கல்லுக்கு இதன் உறவுச் செடியைப் பிரேசிலில் நெடுங்காலமாகக் குடிக்கிறார்கள், கல்லை உடைக்கும் செடி என்றே அங்கு பேர். கல்லாகச் சேரும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரக அணுக்களுக்குள் புகுவதை அது குறைத்ததாக ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். இருக்கிற பெரிய கல்லை அது கரைத்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. கல் இருந்தால் முதலில் ஸ்கேனில் அளவு பாருங்கள், தண்ணீர் அதிகம் குடியுங்கள், வலியோடு காய்ச்சல் வந்தாலோ நீர் அடைத்தாலோ பொடியை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாங்கிய பொடியைப் பாருங்கள். உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா? வெறும் பாலித்தீன் பையில் கட்டித் தந்ததாக இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. சித்த மருந்துநூல் வழியில் பொடி 3 முதல் 6 கிராம், குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு காரணத்துக்காக. அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது, மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், பைசா செலவில்லை.

கேள்வி: காமாலைக்குப் பத்தியம் என்று உப்பு, எண்ணெய், புளி எல்லாம் நிறுத்திவிட்டார்கள். வெறும் கஞ்சியும் கரும்புச்சாறும்தான். மகள் ரொம்ப இளைத்துவிட்டாள்.
- வாசகி, வாடிப்பட்டி

பதில்: சாப்பாடு போடுங்கள். குமட்டல் இருக்கும் முதல் சில நாள் எண்ணெய்ப் பலகாரம் பிடிக்காது, அப்போது கட்டாயப்படுத்த வேண்டாம், அவ்வளவுதான் பத்தியம். பசி வந்ததும் இட்லி, பருப்புச் சாதம், முட்டை, தயிர், பழம் எல்லாம் கொடுங்கள். ஈரல் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ள அதற்குச் சத்து வேண்டும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குத்தான் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்வார், உங்கள் மகளுக்கு அப்படிச் சொல்லாதவரை உப்பில்லாக் கஞ்சி வேண்டாம். ரோட்டோரக் கரும்புச்சாற்றை இன்றே நிறுத்துங்கள். அந்த ஐஸும், கரும்பு கழுவிய தண்ணீரும் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும், காமாலை வந்த வழியே அதுவாகவும் இருக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை என்று டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், அளவு மீறினால் அதுவே ஈரலைத் தாக்கும்.

கேள்வி: கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி சேர்ந்த லிவர் டானிக் குடித்துக்கொண்டே சரக்கு அடித்தால் ஈரல் கெடாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் தினமும் குடிப்பவன், கால் லேசாக வீங்குகிறது.
- வாசகர், ஒத்தக்கடை

பதில்: தம்பி, கால் வீங்குகிறது என்று மறைக்காமல் எழுதினீர்களே, அதுவே நல்லது. ஈரலைக் கெடுக்கும் மருந்தை எலிக்குக் கொடுத்து, கூடவே கீழாநெல்லியும் கொடுத்தால் சேதம் குறைகிறது என்று ஆய்வுகள் உண்டு, அதை வைத்துத்தான் டானிக் பாட்டிலில் படம் போடுகிறார்கள். தினமும் குடிக்கிற மனிதனின் ஈரலை எந்த டானிக்கும் காப்பாற்றியதில்லை. கால் வீக்கம் ஈரல் சுருங்க ஆரம்பித்ததற்கான அடையாளமாக இருக்கலாம், இந்த வாரமே ரத்தமும் ஸ்கேனும் பாருங்கள். வயிறு உப்பினால், ரத்த வாந்தி வந்தால், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் நேராக அவசரப் பிரிவு.

நிறுத்துங்கள் என்று சொல்கிறேன், ஆனால் தினமும் நிறையக் குடிக்கிறவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். அதனால் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துங்கள், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கு மருந்து கொடுத்து உதவுவார்கள், 104-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். நிறுத்திய பிறகு ஈரல் ஓரளவு தேறும், ஆரம்ப நிலையில் இருந்தால் நிறையவே தேறும். உங்கள் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்புங்கள், பெயர் போடாமல் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வாரம் ஒருநாள் பிள்ளைகளுக்குக் கீழாநெல்லிச் சாறு கொடுத்தால் காமாலையே வராதா?
- வாசகி, அனுப்பானடி

பதில்: வரும். வாரம் ஒருநாள் குடிக்கிற சாறு மற்ற ஆறு நாள் குடிக்கிற கெட்ட தண்ணீரைத் தடுக்காது. தண்ணீரைக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் அடுப்பில் வைத்து இறக்குங்கள், குடத்துக்குள் கைவிட்டு மொள்ளாமல் குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். பள்ளிக்கூடத்துக்கு வீட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். கழிப்பறை போய்வந்ததும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி-க்கு அரசு அட்டவணைப்படி ஊசி போட்டிருக்கிறதா என்று பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும். ஏ-க்கும் தடுப்பூசி இருக்கிறது, அது அரசு அட்டவணையில் இல்லை, வசதி இருந்தால் குழந்தை டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் தெருவில் ரெண்டு மூன்று வீட்டில் ஒரே சமயத்தில் கண் மஞ்சளாக இருந்தால் குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டு, எல்லோருமாகச் சேர்ந்து மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், எந்தெந்த வீட்டில் எத்தனை பேருக்கு என்றும், தண்ணீர் எந்த நேரத்தில் கலங்கலாக வருகிறது என்றும் அதில் குறிப்பிட்டால் உடைந்த இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்.